காகம் போகும் தூரமும் அக்கா போகும் தூரமும்

கம்பளைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு வளைவில் திரும்பியபோதுதான் அது தோன்றியது. தொலைபேசி வரைபடத்தில் எங்கள் நீலப் புள்ளி கண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ந்தது. கண்டிக்குப் போகிற பஸ், கண்டியை விட்டு விலகிப் போகிறது! இந்த வளைவுகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ஆகாயத்தில் நேராகப் போனால் எவ்வளவு தூரம்?

கேள்வி சும்மா வரவில்லை. அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் கெம்பஸ் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகப் பதிவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவோ 'தூரம்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். எண்ணைக் காட்டினால் அந்தச் சொல் சுருங்கிவிடும் என்று நினைத்தேன்.

பஸ்ஸிலேயே கணக்கைத் தொடங்கினேன். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வடக்கு நோக்கிய அகலாங்கில் வித்தியாசம் இரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. பாகைக்கு நூற்றுப்பதினொரு கிலோமீற்றர். மேற்கே இன்னும் அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல். மனதில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தேன். கிட்டத்தட்ட இருநூற்று எழுபது! அன்று கண்டியில் வகுப்பு முடியும்வரை கதிரைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

நாவலப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

"வெறும் இருநூத்தி எழுபது கிலோமீற்றர்மா! ஆகாயத்துல."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். "ஒங்க அக்கா என்ன காக்காவா? பஸ்ஸுல எத்தன மணித்தியாலம், அதச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் தூரத்தை யாரும் கிலோமீற்றரில் பேசுவதில்லை. நான் விடுவேனா? நாவலப்பிட்டியிலிருந்து கண்டி ஆகாயத்தில் முப்பது, பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணம் அதைப்போல ஒன்பது மடங்கு.

"பதினெட்டு மணித்தியாலம்," என்று வாய் முந்திக்கொண்டது.

அம்மாவின் கை நின்றது. "பதினெட்டா? அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல்னா நான் எப்பப் போய்ச் சேர்றது?"

அறைக்குள்ளிருந்து அக்கா பாய்ந்து வந்தாள். "நல்லா வாதாடுற போ! தம்புள்ள தாண்டுனா மலை ஏதுடா? ரோடு கோடு போட்ட மாதிரி போகும். அதுல பாதி நேரம் போதும்."

அவள் சொன்னது சரி. மாத்தளைக்கு அந்தப்பக்கம் போயிராத நான், எங்கள் மலையை இலங்கை முழுக்க நீட்டி வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அவசரமாக வரைபடத்தைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"நீ பதினெட்டுங்குற, அவ பாதிங்குறா. ஒங்க கணக்க நம்பியா பொம்பளப் புள்ளய அனுப்புறது?"

"எங்கள நம்பாதீங்க. நீங்களே வந்து பாருங்க," என்றாள் அக்கா.

துருவல் மறுபடி தொடங்கியது. தேங்காய் மூடி முழுதையும் துருவி முடித்துவிட்டு அம்மா சொன்னார்.

"எனக்கு ஜன்னல் சீட்டு வேணும். இல்லாட்டி வாந்தி வரும்."

சனிக்கிழமை விடியக் காலையில் கிளம்பி மூவரும் கண்டியில் யாழ்ப்பாண பஸ் ஏறுகிறோம். மலை முடிந்து ரோடு நிமிர்கிற இடத்தை அம்மா தாமாகவே பார்க்கவேண்டும். அதுவரை எந்த எண்ணையும் சொல்லாமல் உட்கார்ந்திருக்க முயலப்போகிறேன்.