பட்டுச்சேலை அறைக்கு விழுந்த சீல்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து என்னிடம் வர ஒரே வழி, கடையை ஒட்டிய சந்து. இருவருக்கும் பொதுவானது. கடை முதலாளி அண்ணாச்சியோ தனக்கே பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் அதை ஜவுளி மூட்டைகளால் நிரப்பிவிடுவார். மூட்டைமேல் ஏறி இறங்கி வகுப்புக்கு வர எந்தப் பெண் சம்மதிப்பாள்? ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். பயிலகத்தை மூடினால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

வழக்குப் போட்டேன். சந்தில் எதையும் வைக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை உத்தரவே வாங்கினேன். அண்ணாச்சி மேல்முறையீடு செய்யவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் சந்து துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தீபாவளிச் சரக்கு வந்திறங்கியதும் மறுபடி மூட்டை.

உத்தரவின் நகலை அவர் முன்னால் நீட்டினேன். வாங்கி விசிறிக்கொண்டார்.

"என்ன செஞ்சிருவாக? ஜெயில்ல போடுவாகளா? போடட்டும் தாயி. கடை வச்ச நாள்லேருந்து ஒழுங்கா தூங்கல. நாலு நாள் நல்லா தூங்கிட்டு வாரேன்."

கடை ஆட்கள் சிரித்தார்கள். நேராக மயிலாப்பூரில் இருந்த என் வக்கீல் வீட்டுக்குப் போய், அவரை உள்ளே தள்ளுங்கள் என்று கத்தினேன்.

"கோர்ட் உத்தரவை மீறினா ரெண்டு வழி இருக்கு," என்றார் வக்கீல். "சிவில் ஜெயிலுக்கு அனுப்பலாம். இல்லேன்னா சொத்தை ஜப்தி பண்ணலாம். ஆனா ஜெயில்னா, அவரோட சாப்பாட்டுச் செலவை நீங்கதான் கோர்ட்ல கட்டணும்."

"நானா?"

"நீங்கதானே அனுப்பறேள்!"

என் செலவில் சாப்பிட்டுவிட்டு அந்த மனுஷன் தூங்குவதா?

"ஜப்தி," என்றேன்.

"எதை?"

"பட்டுச்சேலை அறையை."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மனுப் போட்டோம். அண்ணாச்சி வாய்தாமேல் வாய்தா வாங்கினார். நானும் அலுக்காமல் பாரிமுனை நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறினேன். இழுத்தடித்ததே அவருக்கு வினையாக முடிந்தது. ஜப்தி உத்தரவு வந்தபோது அடுத்த தீபாவளி நெருங்கிவிட்டிருந்தது. கடையில் கால்வைக்க இடமில்லை. நீதிமன்ற அமீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அந்தக் காட்சியைத் தவறவிட நான் என்ன சாமியாரா?

"அண்ணாச்சி, ரூமுல கீற ஆளுங்கள வெளிய வரச் சொல்லு. சேலைங்கள எண்ணிக்கினு சீல் வைக்கணும்."

"தீபாவளி முடியட்டுங்க! யாவாரமே இப்பத்தான்!"

"அத கோர்ட்டாண்ட சொல்லு நைனா."

அரக்கு உருகிக் கதவில் விழுந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் எதிர்க்கடைக்குக் கிளம்பியது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துக்கு ஓடினார். தானே மூட்டைகளைத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

ஆனால் சந்தைக் காலி செய்துவிட்டால் மட்டும் சீல் உடையாது. அதை நீதிமன்றம்தான் எடுக்க வேண்டும். இனி வழியை மறிக்க மாட்டேன் என்று அவர் எழுதித்தர வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லையென்று நானும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அண்ணாச்சி காகிதத்தோடு சந்து வழியாக வந்தார். முதல் தடவையாக என் வாசலில் நின்றார். உள்ளே, வழி திறந்த செய்தி கேட்டு வந்திருந்த பெண்கள் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். காலியான இயந்திரம் ஒன்றுகூட இல்லை.

"தாயி, ஒரே ஒரு கையெழுத்து. இன்னைக்கே கோர்ட்டுல குடுக்கணும்."

"கிளாஸ் நடக்குது அண்ணாச்சி. உட்காருங்க, முடியட்டும்."

முக்காலியில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல இருமினார்.

நான் பெண்களிடம் இன்னொரு பக்கம் அடிக்கச் சொன்னேன்.