மூக்கு அக்கா போட்ட மார்க்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'மூக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்த துண்டை முகர்ந்து பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவள் வேலை. துணி அலசும் திரவத்தில் கலக்க அங்கே வாசனைக் குமிழ்கள் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குமிழ்; மெல்லிய ஓட்டுக்குள் சொட்டிலும் சிறிய சொட்டாக நறுமண எண்ணெய். துணியில் ஒட்டிக்கொண்டு, உரசும்போது மட்டும் சில உடையும். அதனால் அலமாரியில் ஒரு மாதம் கிடந்த துண்டும் எடுத்துத் துடைத்தால் மணக்கும். மார்க் போட ஐந்து பேர் இருந்தாலும் பதினேழு வருடமாக அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

ஒரு காய்ச்சல் வந்து போனது. மறுநாள் காலை அடுப்பில் பால் தீய்ந்தது. முதுகைக் காட்டி நின்றவளுக்குத் தீய்ந்த வாடை தெரியவேயில்லை. கணவர்தான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

"விடு, இனிமே என் சமையலைக் குறை சொல்ல ஆளில்ல" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லாமல் வேலையில் உட்கார்ந்தாள். துண்டை முகர்ந்தால் வெறும் காற்று. பக்கத்து நாற்காலிக்காரி மார்க் போடுவதில் தாராள மனசுக்காரி. அவள் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்து மூக்கு அக்காவும் எட்டு போட்டாள், ஒன்பது போட்டாள். மூன்று நாள் அப்படியே ஓடியது.

நாலாம் நாள் ஆய்வுக்கூடத்து மேடம் வந்தாள். "மூணு பேர் குறைச்சுப் போட்டிருக்காங்க அக்கா. ஆனா நீங்க ஒன்பது போட்டுட்டீங்களே, அது போதும். சரக்கை அனுப்பிடலாம்."

"அனுப்பாதீங்க மேடம்." என்றாள். "எனக்கு வாசனையே தெரியல. பக்கத்து நாற்காலி முகத்தப் பாத்து எழுதினேன்."

"ஏன் சொல்லல?"

"மூக்கு போச்சுன்னா இங்க எனக்கு என்ன வேலை மேடம்?"

மேடம் அவளை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். வட்ட வெளிச்சத்தில் சப்பிப்போட்ட திராட்சைத் தோல்போல ஓடுகள் கிடந்தன. கலக்கும்போதே பாதிக் குமிழ் உடைந்து எண்ணெய் வெளியே போயிருந்தது. சரக்கு நின்றது. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுக்கு வந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு மைக்ரோஸ்கோப் மேசையே அவள் இடம். முழுசு, கீறல், காலி என்று எண்ணி எழுதினாள். முதலில் கண் வலித்தது. போகப் போக ஓட்டின் பருமனைப் பார்த்தே, "இது பத்து நாளைக்கு மேல தாங்காது" என்பாள். பதினோராம் நாள் மற்ற நால்வரின் மார்க்கும் குறைந்துவிடும்.

எட்டு மாதம் கழித்து வாசனை திரும்பியது, கோணல்மாணலாக. சோப்பு முகர்ந்தால் கருகிய ரப்பர் நாறியது. ரோஜாவில் ஒன்றுமே இல்லை.

"சரியானதும் பழைய நாற்காலிக்கு வந்துடுங்க அக்கா" என்றாள் மேடம்.

"வரேன் மேடம். ஆனா தெரியாத அன்னிக்குத் தெரியலன்னு எழுத மார்க் போடற தாள்ல ஒரு கட்டம் வேணும்."

மேடம் அன்றைக்கே தாளை மாற்றி அச்சடிக்கச் சொன்னாள்.