மிகுந்த தயக்கத்துடன் ஒருமனதாக

கல்லூரியில் என் சித்தப்பாவுக்கு 'ஒருமனது' என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள் இல்லை, பேராசிரியர்கள்.

அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். மாதம் ஒருமுறை துறைத் தலைவர்கள் முதல்வர் அறையில் கூடும்போது, மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவார். எந்த விஷயமானாலும் "விவாதிக்கப்பட்டு, ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்றுதான் முடியும். மூன்று மணிக் கூட்டத்துக்குப் பதினொரு மணிக்கே மினிட்ஸ் தயார். வருகிறவர்களின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார்.

"எப்படியும் சரின்னுதான் சொல்லப் போறாங்க. அதுக்கு எதுக்கும்மா காத்துக் கிடக்கணும்?" என்பார்.

வீட்டிலும் அப்படியே. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு மாடி அறையில் பெட்டியை இறக்கியபோது, சித்தி கூடத்து ஜன்னலுக்குப் பச்சைத் திரையா, வேறு நிறமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உன் இஷ்டம்" என்றார் சித்தப்பா. இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் எல்லாமே சித்தியின் இஷ்டம்.

இந்த நிலையில்தான் தரச்சான்று தரும் குழு கல்லூரிக்கு வந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய், ஐந்து குறைகளைப் பட்டியலிட்டு அனுப்பியது. நூலகத்தில் ஒழுகும் கூரை, ஆய்வகத்தில் அடைத்த குழாய் என நான்குக்கும் கொத்தனாரும் பிளம்பரும் பதில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதுதான் இடித்தது. "பதினோரு ஆண்டுக் குறிப்பேடுகளில் ஒரு மாற்றுக் கருத்துகூடப் பதிவாகவில்லை. இக்கல்லூரியின் கூட்டங்களில் யாரேனும் பேசுவதுண்டா?" முப்பது நாளில் பதில் வேண்டும்.

முதல்வர் சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"பழைய கூட்டம் மூணை எடுத்து, புது நோட்டுல திரும்ப எழுதுங்க. நடுவுல யாராவது எதிர்க்கட்டும். அளவா எதிர்க்கட்டும்."

"யாரு சார் எதிர்க்கிறது?"

"அதையும் நானே சொல்லணுமா?"

சித்தப்பா ஆள் தேடிப் புறப்பட்டார். இயற்பியல் தலைவர், "என் பேர் வேணாம். கெமிஸ்ட்ரிக்காரரைப் போடுங்க, அவருக்குத்தான் வாய் நீளம்" என்றார். கெமிஸ்ட்ரிக்காரரோ, "நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் புது நோட்டு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

"நீ நாலு ஊர் பாத்தவ. ஜனங்க எதிர்ப்பு தெரிவிச்சா எப்படிப் பேசுவாங்க?"

"வேணாம்னு சொல்வாங்க, சித்தப்பா."

"அவ்வளவு பச்சையாவா?"

ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்து ஒரு வரி எழுதினார். "வேதியியல் துறைத் தலைவர் மிகுந்த தயக்கத்துடன் ஒருமனதாக ஏற்றார்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காத. முதல் தடவைதானே? பழகிடும்" என்றார்.

பழகியது. மூன்றாம் நாள் சாயங்காலம் மூன்று கூட்டமும் தயார். இயற்பியல் எதிர்த்தார், வேதியியல் மறுத்தார், கணிதம் கவலை தெரிவித்தார். கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சித்தப்பா பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"கூட்டத்துக்கு முன்னாடியே எழுதுற மனுஷனுக்குப் பின்னாடி எழுத மட்டும் கை வரலையாக்கும்?" என்றாள் சித்தி.

"முன்னாடி எழுதினதெல்லாம் அப்புறம் நடந்துச்சுல்ல? இது நடக்கவே இல்லையே."

"அப்போ போடாதீங்க."

"போடலன்னா அந்த ஆளு என்னைச் சும்மா விடுவாரா? இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். பேர் கெடாம வெளிய வரணும்னு பாக்கறேன்."

"போட்டா மட்டும் பேர் கெடாதா?"

சித்தப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை, கெமிஸ்ட்ரிக்காரரே வீடு தேடி வந்து சொன்னார். முதல்வர் பதில் கடிதத்தைப் படித்துவிட்டு, "பழைய கூட்டம் மூணோட குறிப்பையும் இதோட அனுப்பறோம். எல்லாருக்கும் சரிதானே?" என்றாராம். எல்லோரும் டீக் கோப்பைக்குள் பார்த்திருக்கிறார்கள். அப்போது மேசையின் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்கு ஒரு சின்ன மறுப்பு இருக்கு, சார்."

"நீங்க மெம்பரே இல்லையே?"

"இல்லதான் சார். கையெழுத்து மட்டும் என்னுது. நடக்காததுக்கு அதைப் போட எனக்கு வரல. மூணு நாளா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

பிறகு கெமிஸ்ட்ரிக்காரர், "எனக்கும் மறுப்புதான்" என்றார். இயற்பியலும் சேர்ந்துகொண்டது. பதினோரு வருடமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் திறந்துகொண்டது. பாட அட்டவணையை எதிர்த்தார்கள், தேர்வுத் தேதியை எதிர்த்தார்கள், நமுத்துப்போன பிஸ்கட்டைக்கூட ஒருவர் எதிர்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது. ஐந்தே கால் மணிக்குக் களைத்துப்போன முதல்வர், "அந்தப் புது நோட்டைத் தூக்கிப் போடுங்க. இன்னைக்கு நடந்ததையே எழுதி அனுப்பித் தொலைங்க" என்றார்.

ஆக, சித்தப்பா முதல் முறையாகக் கூட்டம் முடிந்த பிறகு மினிட்ஸ் எழுதினார். ஒன்பது பக்கம். முதல்வர் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை, எட்டாம் நாள் வழக்கம்போல நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குழுவுக்குப் போன நகலை நான் பார்த்தேன். கடைசி வரியில், கைப்பழக்கத்தில் 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டிருக்கிறார். பிறகு ஒரே கோடாக அடித்து, பக்கத்திலேயே சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி பச்சைத் துணியை ஜன்னலில் பிடித்துக் காட்டினாள்.

"பச்சை வேணாம்" என்றார் சித்தப்பா.

சித்தி துணியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ எப்போம்மா அடுத்த ஊருக்குக் கிளம்பற?"