அண்ணன் இரண்டு முறை சேர்த்த என்ஜின்

அண்ணன் தினமும் கும்பிட்ட முருகனை மனதில் நிறுத்தி இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. தங்கை என்ற முறையில் நாலு வார்த்தை எழுதச் சொன்னது அண்ணி.

எங்கள் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். அண்ணன் பிறந்தது இங்கே குவார்ட்டர்ஸில்தான். அப்பா சர்வீசில் இருக்கும்போதே காலமாகிவிட்டதால், மீசை சரியாக முளைக்காத வயதில் அண்ணன் அதே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். அப்பாவைப் போல பிட்டராக அல்ல, டைம் ஆபீசில் குமாஸ்தாவாக. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதும் வேலை. அந்தச் சம்பளத்தில் அம்மாவைக் காப்பாற்றி, எனக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்.

என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே என் சாமான்களை வண்டியில் ஏற்றி லோத்குண்டாவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்தார் அண்ணன். "மாடி ரூம் சும்மாத்தான் இருக்கு" என்றார். அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்திலும் நான் ஒதுங்கி நிற்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என் கையில்தான் கொடுப்பார். புருஷனை இழந்தவள் பொட்டு வைக்கலாமா என்று உறவில் சிலர் முணுமுணுத்தது எனக்கும் தெரியும். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு, திருமுல்கேரியில் ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் பல வருஷமாக நின்றிருந்த பழைய அம்பாசிடரை வாங்கினார். என்ஜின் செத்துக் கிடந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள் என்று அண்ணி சொன்னார்.

"இத்தனை வருஷம் வேலை செஞ்சவங்க பேரைத்தான் எழுதினேன். இந்தக் கையால ஒரு வேலை செஞ்சு பாக்கணும்" என்றார் அண்ணன்.

எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்றுகூட அன்று அவருக்குத் தெரியாது. முதல் நாளே கழற்றுவதாக நினைத்து இறுக்கி, ஒரு போல்ட்டை உடைத்தார். சனத்நகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய், அண்ணனை விட இருபது வயது சின்னவர். பஸ் ஏறிப் போய் அவரிடம் மாணவன் மாதிரி நின்று கேட்டு, நோட்டில் எழுதி வருவார். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, ஒர்க்‌ஷாப் ஆட்களுக்குப் போல டோக்கன் நம்பர் போட்டார். சாயங்காலம் வரிசையாக அட்டெண்டன்ஸ் எடுப்பார்.

"நாப்பத்திரண்டு ஆப்சென்ட்."

"லீவ் லெட்டர் குடுத்திருக்கான்னு பாருங்க" என்பார் அண்ணி.

"நக்கோ, கிண்டல் வேணாம். உன் முறத்துல பாரு."

அரிசியோடு முறத்தில்தான் கிடந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாய் பட்டறையிலிருந்து வேலை முடிந்து எல்லாம் வீட்டுக்கு வந்தன. பூஜைக்காகக் கூடத்தில் கோரைப்பாய் விரித்துப் பரப்பி வைத்தார் அண்ணன். கிராங்க் என்கிற கோணல்மாணலான இரும்புத் தண்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் அங்கங்கே சின்னத் துளைகள். எண்ணெய் ஓடும் வழி என்று எனக்கு எப்படித் தெரியும்? பொட்டு வைக்கவே விட்ட இடம் போல இருந்தது. ஒவ்வொரு துளையிலும் சந்தனத்தைக் குழைத்து அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன்.

தைப்பூசத்தன்று உறவினர் எல்லோரையும் அழைத்திருந்தார். வண்டி கிளம்பினால் அண்ணியை முருகன் கோயிலுக்கு அதில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். என்ஜின் ஓடியது. எல்லோரும் கை தட்டினோம். பத்து நிமிஷத்தில் டக் டக் என்று உள்ளே இடித்தது. அப்படியே நின்றுவிட்டது.

"அட்டெண்டன்ஸ் போட்ட கை, ஆயில் ஊத்த மறந்துடுச்சு போல" என்றார் ஒருவர். பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்.

"ஹவ், ஆமா, என் தப்புதான்" என்று அண்ணனும் சிரித்தார். கோயிலுக்கு ஆட்டோவில் போனோம்.

மறுவாரம் மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார். நான் டீ கொண்டுபோனபோது, ஒரு கம்பியால் துளையிலிருந்து கட்டி தட்டிப்போன எதையோ நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, அது நான் வெச்ச சந்தனம்."

"ஆமா. மாட்டறதுக்கு முன்னாடி காத்தடிச்சு ஊதச் சொன்னாரு பாய். சாமிக்கு வெச்ச பொட்டை ஊதித் தள்ள மனசு வரல. மேலால தொடச்சிட்டு மாட்டிட்டேன். வெச்சது நீ, ஊதாதது நான்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேண்ணா. உங்களைப் பாத்துச் சிரிக்கறாங்க."

"என்னை நாலு நாள் சிரிப்பாங்க, அவ்வளவுதான். உன்னை அப்படியா விடுவாங்க? அவ கை பட்டுத்தான் நின்னுச்சும்பாங்க. வாயைத் திறக்காத."

எண்ணெய் போகாமல் கீறல் விழுந்த அந்தத் தண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் சனத்நகர் போனார். "கைக்கு சாப், ஏன் ஆயில் ஊத்தல?" என்று பாய் கோபித்தபோதும், மறந்துவிட்டேன் என்றே சொன்னாராம். பொய் பேசிப் பழக்கமில்லாத மனிதர். மூன்று மாதம் உட்கார்ந்து முதலிலிருந்து சேர்த்தார். இந்த முறை என்ஜின் நிற்கவில்லை. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று உங்களில் பலர் அந்த வண்டியில் ஏறியிருக்கிறீர்கள்.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லோர் முன்னாலும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "தாராளமா வை. பானட்டை மட்டும் நான் மூடிடறேன்" என்றார். காரணம் தெரியாமல் எல்லோரும் சிரித்தீர்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலையில், அண்ணி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண் மூடினார். அதிகம் துன்பப்படாமல் அழைத்துக்கொண்டது முருகன் கருணை. இரவு பகல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், ஆற்காட்டிலிருந்து ஓடி வந்த சொந்தங்களுக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து தோள் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது.

இதை எழுதட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "அவரு இருந்தா விடமாட்டாரு. எழுதிடு" என்றார்.

அண்ணன் எண்ணெய் ஊற்ற மறக்கவில்லை. அளந்து ஊற்றினார், நான் பக்கத்தில் இருந்தேன். இதைப் படித்த பிறகு உங்கள் வீட்டு விசேஷங்களில் என்னை எங்கே நிற்க வைப்பீர்களோ, அது உங்கள் விருப்பம். என்னை எங்கேயும் ஒதுங்க விடாத மனிதரின் பெயர்மேல் அந்தக் குறை மட்டும் இனி வேண்டாம்.

கண்ணீருடனும் நன்றியுடனும்,
தங்கை