சாத்தையா கீதாரியின் ஆடுகள் படுத்த இடம்

சாத்தையா கீதாரி இறந்துவிட்டார்.

ஆடுகளுக்காகத்தான் எனக்குப் போன் வந்தது. நேற்று விடியற்காலை. "பைபாஸ்ல லாரி ஏறி ஆடுங்க செத்துக் கெடக்குங்க டாக்டர். போஸ்ட்மார்ட்டம் பண்ணணும், கொஞ்சம் வாங்க."

யார் ஆடு என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்கள். அவரிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

"அவரும்தாங்க."

நான் கால்நடை மருத்துவர் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ராமநாதபுரம் பக்கத்து மனிதர். சம்பா அறுவடை முடிந்ததும் செம்மறிகளை நடத்திக்கொண்டு எங்கள் டெல்டா பக்கம் வருவார்கள். அறுத்த வயலில் இரவு ஆடுகளை மடக்கிக் கிடை போட்டால் அந்த வயலுக்கு உரம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்தான் கீதாரி.

முதல் வருடம் தடுப்பூசி போடப் போனபோது, "எந்த ஊருண்ணே?" என்று கேட்டேன்.

"தையிலருந்து ஆடி வரைக்கும் ஒங்க ஊருதான் தாயி. பெறகு எங்க ஊரு."

"ஓட்டு எங்க?"

"அது அங்கன. எலெக்சன் வாரப்ப நாங்க இங்கன." சிரித்தார். பக்கத்தில் குட்டிகள் மேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இருளாயி, "இவருக்கு ஓட்டு இருந்தாலும் ஆட்டுக்குத்தேன் போடுவாரு" என்றார்.

வயல் கிடைக்காத நாட்களில் அவர்களுக்கு ஊருக்குத் தெற்கே மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. மேய்ச்சலுக்கென்றே அரசாங்கக் கணக்கில் விட்டிருந்த நிலம். நாலு கருவேலம், ஒரு குட்டை. அவருடைய அப்பா காலத்திலிருந்து ஆடுகள் அங்கேதான் படுத்தன.

அந்த நிலத்தை வகை மாற்றப் போவதாக ஒரு ஐப்பசியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டெல்டா முழுக்க நடவு, மழை. ஆடு ஒன்றுகூட இந்தப் பக்கம் இருக்காத மாதம். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று முடித்துவிட்டார்கள். பொய்யில்லை... வரவில்லைதான்.

அந்த இடத்தில் என்ன கட்டினார்கள் தெரியுமா? கால்நடை மருத்துவமனை. என்னுடைய மருத்துவமனை.

ஒரு ஆட்சியில் அடிக்கல், அடுத்த ஆட்சியில் திறப்பு விழா. இரண்டு கல்வெட்டும் இப்போதும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

விழா முடிந்த அன்று சாயங்காலம். பந்தல் பிரிக்கிறார்கள், கட்சிக்கொடிகளைச் சுருட்டுகிறார்கள். அப்போது சுவரும் இல்லை, கேட்டும் இல்லை; மொத்த மந்தையும் உள்ளே வந்தது. யாரும் ஓட்டவில்லை. நேராகப் போய்ப் புது போர்டிகோவில், டைல்ஸ் மேல், வரிசையாகப் படுத்துவிட்டன.

காண்ட்ராக்டர் கத்தினார். "யோவ், யாருய்யா அது? வெளியில ஓட்டுய்யா! இன்னைக்குத்தான் தொறந்துருக்கு!"

"ஏன் சார் கத்துறீக? ஆட்டாஸ்பத்திரிதான? ஆடு வந்துருச்சு" என்றார் சாத்தையா கீதாரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஓட்டி வெளியேற்ற இருட்டிவிட்டது. ஒரு கிழட்டு ஆடு மட்டும் திரும்பத் திரும்ப உள்ளே ஓடி வந்தது.

அடுத்த வருடம் சுற்றுச்சுவரும் கேட்டும் வந்தன.

கட்டடம் நின்றது ஒரு மூலையில். பின்னால் எல்லாம் சும்மா கிடந்தது. அதில் கொஞ்சம் ஆடு படுக்க விடக்கூடாதா என்று ஒரு முறை கேட்டார். "ஒரு வார்த்த எழுதுங்க தாயி."

"நடக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். நடக்கவில்லை. பின்பக்கம் எதிர்காலத் தேவைக்கு என்று பதில் வந்தது. அந்தத் தேவை இன்னும் வரவில்லை. புல் முழங்கால் உயரம் நிற்கிறது.

அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவேயில்லை. தண்ணீர் மட்டும் கேட்பார். சுவருக்கு மேலே ஹோஸ் பைப்பைப் போட்டுவிடுவேன்.

வழக்கமாகக் கிடை போட்ட வயல்களில் பாதி பிளாட் ஆகிவிட்டது. மீதியில் நெல் அறுத்த கையோடு உளுந்து நிற்கிறது, ஆட்டை விட மாட்டார்கள். கடைசி ஆறேழு வருடமாக பைபாஸ் ஓரம்தான் படுக்கை. "லாரிக்காரனுக பாத்துத்தேன் போறானுக தாயி" என்பார். நேற்று பனி. நெல் ஏற்றி வந்த லாரி.

ஆடுகளின் சாவுக்குக் காரணம் எழுத எனக்கு அதிகாரம் உண்டு. எழுதினேன். வாகனம் மோதியதில் உள்காயம், ரத்தப்போக்கு. சில ஆடுகள் சினையாக இருந்தன, அதையும் எழுதினேன். அவை ஏன் ரோட்டோரம் படுத்திருந்தன என்பதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அவர் உடலைப் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரிலிருந்து ஆட்கள் வரும்வரை மிச்ச ஆடுகளோடு இருளாயி தனியாக நின்றார். பைபாஸை விட்டு ஓட்டச் சொல்லி போலீஸ் நெருக்கியது. எங்கே ஓட்டுவது என்று அவர்களும் சொல்லவில்லை.

சாயங்காலம் நான் போய் மருத்துவமனை கேட்டைத் திறந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. "உள்ள ஓட்டுங்கக்கா. பின்னாடி புல்லு இருக்கு."

ஆடுகள் கேட் வரை வந்தன. நின்றன. இருளாயி உள்ளே போய் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். தொரட்டியைத் தரையில் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டவில்லை.

"அன்னைக்கி வந்து படுத்ததுக ஒண்ணும் இப்ப இல்ல தாயி" என்றார். "இதுக எல்லாம் ரோட்டுல பொறந்ததுக."

மந்தை அப்படியே திரும்பி, சுற்றுச்சுவருக்கு வெளியே, ரோட்டோரமாகப் படுத்தது. இருளாயியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கேட்டைப் பூட்டவில்லை. இப்போதும் திறந்துதான் கிடக்கிறது.

போய்ட்டு வாங்க, சாத்தையாண்ணே.