பென்சில் சாரின் பதிமூன்று நிமிடங்கள்

பல்கலைக்கழகத்தின் பாட ஆலோசனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவரை மாணவர்கள் பென்சில் சார் என்றார்கள். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். யார் எந்தப் பாடத்தை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்வது அவர் உத்தியோகம். சாப்பாட்டு நேரத்தில் யார் வந்து நின்றாலும், "விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விரட்டிவிடுவார். மாலையில் பட்டியலை எடுத்து, விடக் கூடாத பாடத்தைத் தானே பென்சிலால் சேர்த்துவிடுவார். இந்த மாலைத் திருப்பணி ஈ காக்கைக்கும் தெரியாது.

நிர்வாகம் ஒரு சாட்பாட் வாங்கி, அவருடைய பதில்களையெல்லாம் அதற்கு ஊட்டியது. நல்ல பிள்ளையாக அது கேட்டவருக்கெல்லாம், "விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றது. பென்சில் சாரைத் தபால் பிரிக்கும் மேசைக்குத் தள்ளினார்கள். மாலையில் பட்டியலைத் தொட ஆளில்லை.

விளைவாக, கடைசி வருடத்தில் நாற்பத்தொரு பேருக்குக் கட்டாயப் பாடமான புள்ளியியல் இல்லை. ஆகவே பட்டமும் இல்லை. சேர்த்துக்கொள்ள அன்று ஐந்து மணிதான் கெடு. விஷயம் வெளிவந்தபோது மணி மூன்றே கால்.

நாற்பத்தொரு பேரும் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாற்காலிக் காலால் முதல் அடி சாட்பாட்டின் திரைக்கு. கண்ணாடி சிதறியும் ஒலிபெருக்கி மட்டும் குற்றுயிராய், "வேறு உதவி வேணுமா?" என்றது. மிதித்தே கொன்றார்கள்.

"இதுக்குப் பேசக் கத்துக்குடுத்த மகான் அங்க உக்காந்திருக்காருடா!"

பாடப் புத்தகத்தையே புரட்டாத கூட்டம், அன்று மூல ஆசிரியரைத் தேடிச் சென்றது. கூடைப்பந்து ஆடும் பெண் விட்ட குத்தில் அவருடைய முன்பற்கள் இரண்டு தபால் கூடையில் சேர்ந்தன. இரும்பு அலமாரி சரிந்து விலா எலும்பொன்றை எடுத்துக்கொண்டது.

"மணி என்னம்மா?" என்றார், அலமாரிக்கு அடியிலிருந்து.

"மூணே முக்கால். எதுக்குய்யா?"

"நாப்பத்தொரு படிவம். ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். போக பதிமூணு நிமிஷம் மிஞ்சும். மிச்சத்தை அப்ப அடிங்க."

கணக்கு சரியாக இருந்தது. அலமாரியைத் தூக்கி நிறுத்திவிட்டு வரிசை கட்டினார்கள். முதல் இடத்துக்காக ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்தான். பென்சில் சார் மூக்கிலிருந்து சொட்டியதை முழங்கையால் துடைத்தார்; சிவப்பு பட்ட படிவம் செல்லாது என்பது விதி. நிர்வாகம் பிடுங்க மறந்திருந்த முத்திரையை நாற்பத்தொரு முறை குத்தினார். கடைசிப் படிவம் பெட்டியில் விழுந்தபோது நான்கு நாற்பத்தேழு.

கூடைப்பந்துக்காரி சட்டைக் கையை மடக்கினாள். அந்த நேரம் பார்த்து, சாட்பாட் வாங்கிய பதிவாளர் உள்ளே நுழைந்தார்.

"என் மெஷினை ஒடச்ச நாய் எது?"

அவள் மெல்லத் திரும்பினாள். "சார், இவரை என்ன பண்ணலாம்?"

கூடைக்குள் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர், பழக்க தோஷத்தில் நிமிராமலே சொன்னார்: "விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பென்சில் சார் புண்ணியத்தில்தான் அவர்களுக்கு அங்கே அடுத்த வருஷமே கிடையாதே. பெயர்ந்த கதவை நான்கு பேர் தூக்கி வந்து வாசலை அடைத்தார்கள்.