பதில் சொல்லாத நாற்பத்தொரு பேர்

கோமளத்துக்கு நாற்பத்து மூன்று வயது. மயிலாப்பூரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். தினமும் பஸ் பிடித்து அடையாற்றில் ஒரு சர்வே ஆபீசுக்குப் போய், வந்த படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். தொண்ணூற்றாறில், தனியாக வாழும் பெண்கள் முந்நூறு பேரைப் பற்றி ஒரு சர்வே வந்தது. போன வாரம் எத்தனை நாள் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. சொல்ல மறுத்தால் 99, வீடு பூட்டியிருந்தால் 98 என்று எழுதச் சொல்லியிருந்தார்கள்.

மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? எல்லாவற்றையும் கூட்டி வகுத்துவிட்டது.

“இன்னா மேடம் இது? வாரத்துக்கு இருபத்திரண்டு நாள் கூடி சாப்பிட்டுக்கினு கீறாங்களா?” என்று சிரித்தார் மேலாளர் கருணாகரன். அவரே உட்கார்ந்து, 98, 99 என்று இருந்த அறுபது இடத்திலும் வெறும் புள்ளி வைத்துச் சேமித்துவிட்டார். புள்ளி இருந்தால் மெஷின் அதைக் கணக்கில் சேர்க்காது.

“இப்ப பாருங்க, சராசரி மூணு. முடிஞ்சுது.”

“முடியலை சார். கதவு பூட்டியிருந்தவளும், கதவைத் திறந்து வெச்சுண்டு சொல்லமாட்டேன்னவளும் ஒண்ணா? புள்ளியோட ஓர் இங்கிலீஷ் எழுத்து சேத்தா மெஷின் ஏத்துக்கும். சராசரியில சேராது, ஆனா தனித்தனியா எண்ணிச் சொல்லும்.”

“இல்லாதது இல்லாததுதான் மேடம். நாளைக்கு ரிப்போர்ட் போவணும். பழைய நம்பரும் அழிஞ்சுபோச்சு.”

“படிவம் அழியலையே.”

படிவக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். பூட்டிய வீட்டுக்குப் புள்ளியோடு ‘எல்’ எழுத்து, மறுத்தவருக்குப் புள்ளியோடு ‘ஆர்’ எழுத்து. இருபத்தேழாவது படிவத்தில் அவளுடைய தெரு, அவளுடைய கதவு எண். ஞாயிற்றுக்கிழமை வந்த சர்வேக்காரப் பெண்ணுக்கு மோர் கொடுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் “அடுத்ததைக் கேளு” என்றிருந்தாள். கட்டத்தில் 99 என்று இருந்தது.

பக்கத்தில் யாருமில்லை. விரல் சைபர் மேல் போய் நின்றது. படிவத்தில் இல்லாததை ஏற்றக்கூடாது என்பது அவளுடைய பதினோரு வருஷத்துப் பிடிவாதம். தனக்கென்று அதை மாற்றுவாளா? புள்ளியும் ‘ஆர்’ எழுத்தும் அடித்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் அட்டவணை வந்தது. பூட்டிய வீடு பத்தொன்பது, மறுத்தவர் நாற்பத்தொன்று.

“இத்தினி பேரா? இன்னாத்துக்கு சொல்ல மாட்டேன்னாங்க?” என்றார் கருணாகரன்.

“பதில் சைபரா இருந்தா சொல்ல வாய் வராது சார்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கோமளம் படிவங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். “மறுத்தவா நாப்பத்தொண்ணுன்னு தனி வரியா எழுதுங்கோ சார்.”

கருணாகரன் அவளை ஒரு கணம் பார்த்தார். எழுதினார்.